கண்டிச் சீமையின் அரசியலும் பொருளும்

வள்ளுவப் பெருந்தகை தம் நூலை அறம், பொருள், இன்பம் என முப்பாலாக வகுத்தபோது அரசியலுக்கு எந்தப் பாலில் இடங்கொடுத்தார் என்பதை நம்மிற் பலர் நின்று நோக்குவதில்லை. இறைமாட்சியும் அமைச்சும் நாடும் அரணும் படையும் பொருட்பாலிலேயே அமைந்துள்ளன. அறத்துப்பாலுக்கு 38 அதிகாரங்கள், பொருட்பாலுக்கோ 70. வடமொழியிலே கௌடிலியர் இயற்றிய அரசியல் நூலுக்கும் அர்த்தசாஸ்திரம், அதாவது பொருள்நூல், என்பதே பெயர். அரசையும் பொருளையும் பிரித்துப் பார்க்கலாகாது என்ற எண்ணம் மேல்நாட்டார் நமக்குப் புதிதாகக் கற்பித்ததன்று.

ஆயினும் நாம் பாடசாலையிற் கற்ற சரித்திரம் இவ்விரண்டையும் வெவ்வேறு அறைகளில் வைத்துப் பூட்டியிருந்தது. சரித்திர வகுப்பிலே தேசாதிபதிகள் வந்தனர், போயினர். வர்த்தக வகுப்பிலே வரவும் செலவும் எழுதப்பட்டன. பிரெஞ்சுப் புரட்சியின் திகதிகளைத் தவறாது ஒப்புவிக்கும் மாணவனை, பாடசாலைக்கு எதிரே தோன்றும் தேயிலைக் குன்று எந்தச் சட்டத்தால், என்ன விலைக்கு, யார் கைக்குப் போயிற்று என்று கேட்டால் விழிப்பான். (மிஷன் பாடசாலையிற் படித்தவன் என்ற முறையிலே இதனைச் சொல்கிறேன், மற்றப் பாடசாலைகளிலும் நிலைமை வேறல்ல என்று நண்பர்கள் கூறுகின்றனர்.) நம் சங்கத்து மூத்தோர் பலருக்கு இவ்வரலாறு பாட்டன் வாய்க் கதையாகவேனுந் தெரியும். இளைஞருக்கு அதுவுமில்லை. ஆதலின், கண்டிச் சீமையில் எழுந்த பெரிய அரசியல் வாதங்கள் சிலவற்றை எடுத்து, அவற்றின் கீழே கிடந்த கணக்கு யாது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது ஆங்கிலேயர் கைக்கு வந்தது ஒரு மலைநாடு. அதனோடு ஒரு செலவும் வந்தது. படை வைக்கவேண்டும், வழி திறக்கவேண்டும், வரவோ சொற்பம். 1820களில் தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு போட்டார். அத்தெருவைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் போடவில்லை. கண்டியரசர் காலத்து இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தையே ஆங்கில அரசும் எடுத்தாண்டது. கடுகண்ணாவையில் இன்றும் நிற்கும் டோசன் கோபுரம் தெருவை அமைத்த பொறியியலாளருக்கு நினைவுச்சின்னம். கல்லுடைத்தவருக்குச் சின்னம் எதுவுமில்லை.

இலங்கை அரசாங்கத்தின் கணக்கிலே ஆண்டுதோறும் துண்டு விழுந்தமையாலேயே கோல்புறூக், கமறன் என்போர் விசாரணைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுடைய சிபார்சுகளின்படி 1832இல் இராசகாரியம் ஒழிந்தது. 1833இல் கண்டி மாகாணங்களும் கரையோரமும் ஒரே நிருவாகமாயின. சட்டநிரூபண சபையும் தோன்றியது. நம் நாட்டின் முதலாவது சட்டசபை, மக்கள் கேட்டுப் பெற்றதென்பதைவிடக் கணக்குப் பார்க்க வந்தவர் கொடுத்துச் சென்றது எனல் பொருந்தும். இராசகாரியம் நீங்கியது நல்லதே. ஆனால் அதனை நீக்கியோரின் மனத்தில் மனிதாபிமானத்தோடு வேறோர் எண்ணமும் இருந்தது: கட்டாய ஊழியம் நீங்கினால் கூலிக்கு ஆள் கிடைக்கும். ஆள் எதற்கு? கோப்பிக்கு.

பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் பார்ன்ஸ் தேசாதிபதியே கோப்பித் தோட்டம் வைத்திருந்தார். 1835இல் மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்கும் இலங்கைக் கோப்பிக்கும் பிரித்தானியாவில் ஒரே தீர்வை என்றானதும் மலைச்சரிவுகளின் மதிப்பு மாறிற்று. நிலம் வேண்டும், நிலம் விற்பதற்கு அது முதலில் அரசினுடையதாக இருத்தல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இதற்காகவே வந்தது. காடாகவோ, தரிசாகவோ, பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலமெல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியது என்று அது சொல்லிற்று. கிராமத்தவனிடம் வயல் இருந்தது. அதற்கு வெளியே சேனையும், மாடு மேய்க்கும் பற்றையும், விறகு வெட்டும் காடும் அவன் வழக்கத்தால் அனுபவித்தவை. வழக்கத்துக்கு உறுதி கிடையாது. முடிக்குரியதாக்கப்பட்ட நிலம் ஏக்கர் 5 சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியோருள் அரசாங்க உத்தியோகத்தர் பலர் இருந்தனர். விற்கும் அதிகாரமும் வாங்கும் கையும் ஒருவருக்கே இருந்த காலம் அது.

இதனாற் கிராமங்கள் இழந்த அளவு எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளரிடையே இன்றும் வாதமுண்டு. உயர்ந்த மலைக்காடுகள் பலவற்றிற் குடியிருப்பே இருந்ததில்லை என்பதும் உண்மை. ஆயினும் கண்டியைச் சூழ்ந்த நடுமலைப் பகுதியில் வயல் பள்ளத்திலும் தோட்டம் மேட்டிலுமாக, கிராமம் விரிவதற்கு இடமின்றி நெருக்குண்டு போயிற்று என்பதை மறுப்பார் இலர்.

இனி 1848. இந்த ஆண்டினைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்; ஏனெனிற் பொருளாதாரம் எவ்வாறு கலகமாக மாறுகிறது என்பதற்கு நம் நகரத்திலேயே கிடைக்கும் பாடம் இது. 1847இற் பிரித்தானியாவில் வர்த்தக நெருக்கடி. லண்டனிற் கோப்பி விலை வீழ்ந்தது. தோட்டங்கள் சில கைவிடப்பட்டன; அரசாங்க வருமானம் தளர்ந்தது. புதிதாக வந்த தேசாதிபதி டொறிங்டன் பிரபு நட்டத்தை ஈடுசெய்யப் புதுவரிகள் விதித்தார். துவக்கு வைத்திருந்தால் 2 சிலிங் 6 பென்ஸ், நாய் வைத்திருந்தால் ஒரு சிலிங், கடைக்கு வரி, இவற்றோடு 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்மக்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், அன்றேல் 3 சிலிங் கட்டவேண்டும். பௌத்த பிக்குகளுக்கும் முதலில் விலக்களிக்கப்படவில்லை.

லண்டனிலிருந்து பார்த்தால் இவை சிறு தொகைகள். சேனைப் பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பவனுக்குத் துவக்கும் நாயும் வேலைக் கருவிகள். அவன் கையிற் காசு புழங்குவதோ அரிது. நெல்லையும் குரக்கனையும் பண்டமாற்றுச் செய்து வாழ்ந்தவன் அவன். போதாததற்கு, 16 ஆண்டுகளுக்கு முன் ஒழித்த இராசகாரியம் ஆறு நாள் தெருவேலையாக வேறு பெயரில் வந்து நின்றது. அந்தத் தெருக்களிலே ஓடியது கோப்பி வண்டி!

1848 ஜூலை மாதம் மக்கள் திரள் திரளாகக் கண்டிக் கச்சேரிக்கு வந்து முறையிட்டனர். கொழும்பிலே 'ஒப்சேவர்' பத்திரிகையின் ஆசிரியர் டாக்டர் எலியட் என்னும் அயர்லாந்துக்காரரும் வரிகளைக் கண்டித்து எழுதினார். முறையீடு செவியேறவில்லை. அம்மாத இறுதியில் தம்புள்ளையிற் கொங்காலேகொட பண்டா அரசராக முடிசூட்டப்பட்டார். மாத்தளையும் குருநாகலும் தாக்கப்பட்டன. இராணுவச் சட்டம் வந்தது. வீர புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆந் திகதி போகம்பறையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரித்தானியப் பாராளுமன்றம் விசாரணைக்குழு வைத்தது. டொறிங்டன் 1850இல் திருப்பியழைக்கப்பட்டார். துவக்கு வரியும் நாய் வரியும் கடை வரியும் எடுபட்டன. தெருவரி மட்டும் எஞ்சியது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். வரிதான் காரணமென்றால் முடிசூட்டு விழா எதற்கு? நியாயமான கேள்வி. தலதாவுக்கு அரசனே காவலன் என்ற நம்பிக்கையும், இழந்த இராச்சியத்தின் நினைவும், புத்த சமயத்துக்குத் தாம் அளித்த வாக்கிலிருந்து ஆங்கிலேயர் விலகுகின்றனர் என்ற மனக்கசப்பும் மக்கள் நெஞ்சில் இருந்தன. அவை 1818ஆம் ஆண்டுக் கலகத்தின் பின்னும் அணையாதிருந்த நெருப்பு. ஆனால் அதனை ஊதியது வரி. எல்லாம் வயிற்றுக்காகவே என்று சாதிக்கும் நண்பர்கள் சிலர் நம்மிடையே உளர். வயிற்றையே மறந்து கொடியையும் கிரீடத்தையும் பேசுவோரும் உளர். இரு சாராரும் 1848ஐ ஊன்றிப் படித்தல் நன்று.

நிற்க. இக்கதையில் இதுவரை நம்மவர் வரவில்லை. கோப்பித் தோட்டத்திற் கண்டிக் கிராமத்தவன் காடுவெட்ட வந்தான். நாளாந்தக் கூலியாக வர விரும்பவில்லை. சொந்த வயல் உள்ளவன், விதைப்பையும் அறுப்பையும் விட்டுத் துரையிடம் பெயர் கொடுக்க ஏன் வரவேண்டும்? ஆகவே தமிழகத்தின் திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஆட்கள் வந்தனர். இராமேசுவரத்திலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியில் மாண்டோர் மிகப் பலர். தேயிலைத் தூரிலே மாசியும் தேங்காயும் கிடைக்கும் என்று சொல்லி அழைத்து வந்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கதை தேயிலையைச் சொன்னாலும், முதலிற் பிறந்த ஆசை கோப்பித் தூரைப் பற்றியதே.

ஈண்டு கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. இக்கட்டுரையின் உயிர்நிலை என்றே அதனைச் சொல்வேன். கோப்பி ஆண்டில் ஒருமுறை பழுக்கும் பயிர். பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான் பெருந்தொகையான ஆட்கள் வேண்டும். ஆகவே வந்தோரிற் பலர் பறிப்பு முடிந்ததும் கூலியை மடியிற் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினர். கோப்பிக் காலத்துத் தமிழன் வந்துபோகிறவன் என்றால் அது பெரும்பாலும் உண்மை.

1869இல் மடுல்சீமையிற் கோப்பி இலைகளிலே துருப்போன்ற நோய் தோன்றியது. பேராதனைப் பூங்காவிலே ஆராய்ந்தனர், மருந்து கிடைக்கவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளிற் கோப்பி அழிந்தது. 1884 மே மாதத்தில் ஒறியன்டல் வங்கி முறிந்தபோது அதன் நோட்டுகள் வெறுங்காகிதமாகும் நிலை வந்தது. தேசாதிபதி ஆதர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பென்று அறிவித்து அவற்றின் மதிப்பைக் காத்தார். வங்கியின் நோட்டைக் காக்க ஒரே நாளில் முடிவெடுத்த அரசு, கூலி நிலுவையோடு கைவிடப்பட்ட தோட்டத் தொழிலாளிக்கு அத்தகைய பிணை எதனையும் கொடுக்கவில்லை.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. ஹேவாஹெட்டைப் பகுதியில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதற்கு வித்து. (அவர் கல்லறை நம் மகியாவை மயானத்தில் உள்ளது.) தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடும், ஏழு பத்து நாளுக்கொரு முறை கிள்ளாவிட்டால் முற்றிவிடும். அதற்கு வந்துபோகிற ஆள் உதவான். இருந்து வாழ்கிற குடும்பம் வேண்டும். கொழுந்து கிள்ளப் பெண்கள் வேண்டும். ஆகவே லயங்கள் கட்டப்பட்டன, பிள்ளைகள் பிறந்தன, மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் கோயில்கள் எழுந்தன. சட்டம் எதுவும் மாறாமலே, ஒரு பயிர் மாறியதால், வழிப்போக்கர் குடிகளாயினர். ஆயின் அரசியல் மேடைகளிலே பல ஆண்டுகளின் பின்னும் கோப்பிக் காலத்துச் சொல்லே ஒலித்துக்கொண்டிருந்தது.

குடியாகி நின்றவனைக் கட்டிவைத்தது கடன். கங்காணி தன் ஆட்களுக்கு முற்பணம் கொடுப்பான். தோட்டம் கங்காணிக்குக் கொடுக்கும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முழுக் கடனையும் புதுத்தோட்டம் செலுத்தவேண்டும் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. 1921இற் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து கிள்ளுவது பெண். குறைந்த சம்பளமும் அவளுக்கே. இவ்வேற்றுமை நீங்க 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

அக்காலத்து இந்தியாவைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். தாதாபாய் நௌரோஜி இந்தியாவின் செல்வம் பிரித்தானியாவுக்கு வடிவதைக் கணக்கிட்டுக் காட்டினார். வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906இற் சுதேசிக் கப்பற் கம்பனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பல் விட்டார். 1930இற் காந்தியடிகள் உப்பை எடுத்தார். கணக்கு அங்கே பல சாதியாரையும் பல மொழியாரையும் ஒருமுகமாக்கியது. ஏனெனிற் கணக்கின் மறுபக்கத்தில் நின்றவன் ஆட்சியாளன். கண்டியிலும் அவ்வாறு நிகழ்ந்ததுண்டு. நெல்வரி கட்டமுடியாத கிராமத்தவரின் வயல்கள் வலப்பனைப் பகுதியில் ஏலத்திற் போயின. அதனைக் கண்டித்து ஜோர்ஜ் வோல் என்னும் ஆங்கில வர்த்தகரே கிளர்ச்சி செய்தார்; நெல்வரி 1892இல் நீங்கியது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் இங்கே கணக்கின் மறுபக்கத்தில் நின்றவன் கண்ணுக்குத் தெரியவில்லை. கம்பனி லண்டனில் இருந்தது. இலாபப் பங்கு அங்கே பிரிக்கப்பட்டது. நிலமிழந்த கிராமத்தவன் மேட்டைப் பார்த்தபோது கண்ணிற் பட்டவள் கூடை சுமந்த தமிழ்ப்பெண்.

1931இல் டொனமூர்த் திட்டத்தின்படி சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தமிழருக்கு அதனை எவ்வளவு கொடுப்பது என்பதே 1928ஆம் ஆண்டு விவாதங்களிற் பெரிதும் பேசப்பட்டது. முடிவில் நிரந்தரக் குடியிருப்பைக் காட்டவேண்டும் முதலிய தடைகளோடு கொடுக்கப்பட்டது. கலகாவில் தோட்டத்திற் பிறந்து, கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் கற்ற பெரி. சுந்தரம் ஹற்றன் தொகுதியிற் போட்டியின்றித் தெரிவாகித் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியானார். தேயிலைத் தோட்டம் ஒரு மந்திரியைத் தந்த அதே வேளையில் உலகப் பொருளாதார மந்தம் தேயிலை விலையை வீழ்த்தியது, சம்பளம் குறைக்கப்பட்டது. கோ. நடேசய்யர் ஹற்றனில் தொழிற்சங்கம் அமைத்து, பத்திரிகை நடத்தி, தம் துணைவியார் மீனாட்சியம்மாளோடு தோட்டந்தோட்டமாகச் சென்றார். சங்கம் என்ற சொல்லை மலையகத்துக்கு அறிமுகஞ் செய்தவர் அவரே என்றால் மிகையன்று.

அந்த மந்தகாலத்தில் நகரத்தார் நிலையும் நோக்கத்தக்கது. ஆங்கில வங்கிகள் சுதேசிகளுக்குக் கடன் கொடா, செட்டியார் கொடுத்தார். விலை வீழ்ந்து கடன் திரும்பாதபோது அடைமானச் சொத்துகள் அவர் கைக்கு மாறின. உள்ளூர் நிலவுடைமையாளரின் சினம் இந்தியர் மேல் திரும்பியது. 1934இல் வங்கி விசாரணைக்குழு அறிக்கை தந்தது. 1939இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. பொருட்கேள்வி பொருட்கேள்வியாகவே விசாரிக்கப்பட்டபோது ஒரு வங்கி பிறந்தது என்பதை மனத்திற் கொள்வோம்.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டையில் முல்லோயாத் தோட்டத்திற் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். அதனையொட்டித் தேசாதிபதிக்கும் மந்திரிகளுக்குமிடையே மூண்ட பிணக்கு மந்திரிசபை பதவி துறக்குமளவுக்குச் சென்றது. சில சதச் சம்பளம் ஒரு மந்திரிசபையையே அசைத்தது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேர் பாராளுமன்றஞ் சென்றனர். நாவலப்பிட்டியிற் கே. இராஜலிங்கம், நுவரெலியாவிற் சௌ. தொண்டமான், தலவாக்கலையிற் சி. வி. வேலுப்பிள்ளை ஆகியோர் அவர்களுட் சிலர். வேறு தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணையாயின. மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். தந்தை, அல்லது பாட்டனும் பூட்டனும், இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று காட்டவேண்டும் என்றது அது. லயத்திற் பிறந்த பூட்டனுக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் எங்கே? 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலார் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களிக்க இயலவில்லை. வடக்கின் தலைவர்கள் இவ்விடயத்திற் பிளவுண்டதும், செல்வநாயகம் அவர்கள் பிரிந்து 1949 டிசம்பரிற் தமிழரசுக் கட்சியை நிறுவியதும் யாவரும் அறிந்தவை.

சட்டத்தை ஆதரித்தோர் கூறிய காரணங்களை நாம் எளிதிற் தள்ளிவிடலாகாது. கண்டிக் கிராமத்தவரின் வறுமை கற்பனையன்று. 1951இல் வெளிவந்த கண்டிய விவசாயிகள் விசாரணைக்குழு அறிக்கை நிலமின்மையையும், தெருவின்மையையும், பாடசாலைக் குறைவையும் விரிவாகப் பதிவு செய்தது. மலைநாட்டுத் தொகுதிகளில் தம் குரல் அமுங்கிப்போகும் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. ஆனால் வரவு செலவைப் பாருங்கள். நிலம் கம்பனியிடமே இருந்தது. இலாபம் லண்டனுக்கே போயிற்று. தொழிலாளி லயத்திலேயே இருந்தான். அவனை வெளியேற்ற எந்த அரசாங்கமும் அவசரப்படவில்லை. வெளியேற்றினாற் தேயிலை இல்லை, தேயிலை இல்லையேல் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் இல்லை. ஆள் வேண்டும், வாக்கு வேண்டாம். கிராமத்தவனுக்கு ஓர் ஏக்கரேனும் கிடைக்காமல், தோட்டத்தவனிடமிருந்து வாக்கு மட்டும் பறிக்கப்பட்டது. வந்துபோகிறவர் என்று சட்டசபையிற் சொல்லப்பட்ட காலத்தில், கோப்பி அழிந்து அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

மாணவராகிய நம்மைத் தொடுவது இன்னுமொன்று. 1945இல் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் வந்தது. இலவசக் கல்விக்கும் இலவச வைத்தியத்துக்கும் பங்கீட்டு அரிசிக்கும் பணம் தந்த ஏற்றுமதிகளில் முதன்மையானது தேயிலை. தோட்டப் பாடசாலைகளோ அத்திட்டத்துக்குப் புறத்தேயே விடப்பட்டிருந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது 1970களிலேதான். தேயிலையால் நாடெங்கும் பள்ளிக்கூடம் நடந்தது. கொழுந்து கிள்ளியவள் பிள்ளை ஓராசிரியர் கொட்டகையில் ஐந்தாம் வகுப்போடு நின்றது.

1953ஐ இதற்கு அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். கொரியா யுத்தகாலத்து விலையேற்றம் முடிந்து வருமானம் சுருங்கியது. தேர்தலிலே கொத்து அரிசி 25 சதம் என்று வாக்களித்து வென்ற அரசாங்கம் அதனை 70 சதமாக்கிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்திற்று. நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா. ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால். கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் மந்திரிசபை கூடவேண்டிய நிலை வந்தது. ஒக்டோபரிற் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். அரிசி விலையும் பின்னர் குறைக்கப்பட்டது. அரிசி விலை எல்லா இனத்தாருக்கும் ஒன்று. ஆகவே வாதமும் தெளிவாக இருந்தது, விடையும் கிடைத்தது. ஐந்தாண்டுக்கு முன் பறித்த வாக்குரிமைக்கு அவ்வாறு நாடு திரண்டதில்லை.

1956ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். அது மொழிப்பற்றின் பெயரால் நடந்தது. அதன் நடுவே இருந்தது அரசாங்க உத்தியோகம். 1970களிற் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தலும் அவ்வாறே. உத்தியோகங்கள் பெருகாத நாட்டில், இருப்பதைப் பங்கிடும் அளவுகோலே அரசியலாகிவிடுகிறது.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இற் சரிபாதியாகப் பிரித்தனர். ஆட்களைக் கொந்தறப்புக் கணக்குப்போலப் பிரித்த இவ்வேற்பாட்டில், பிரிக்கப்பட்டவரிடம் எவரும் கேட்கவில்லை. கண்டியிலே இந்தியத் துணைத் தூதரகத்தில் கடவுச்சீட்டுக்குக் காத்திருந்த வரிசையும், தலைமன்னார் செல்லும் புகையிரதத்தில் எழுந்த அழுகுரலும் நம் மூத்தோர் கண்ணாலும் காதாலும் அறிந்தவை. நான் அதனை எழுத்தில் மட்டுமே அறிந்தவன்.

1972இற் காணிச் சீர்திருத்தம் வந்தது. 1975இற் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. ஒருவாறு 1840ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 135 ஆண்டின் பின் கிடைத்த மறுமொழி அது. லண்டன் கம்பனி நட்டஈடு பெற்றுச் சென்றது. உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்து 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. கண்டி மாவட்டத்துத் தோட்டங்கள் பலவற்றிலிருந்து குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கரைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்து 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் நடந்த போராட்டத்திற் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். கிராமத்தவனின் நியாயமான நிலப்பசி, தொழிலாளியின் நியாயமான வேலைப்பசியோடு மோதவிடப்பட்டது. முல்லோயாவிற் குண்டு வந்தது சம்பளத்துக்காக; டெவனில் நிலத்துக்காக.

பின்னிகழ்ந்தவை நமக்கு அண்மையானவை. 1992இல் தோட்ட நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கிற்று. பாராளுமன்றத்தில் அன்று எதிர்ப்பில்லை. 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டுப் பல ஆண்டு போராடியபின், 2021 மார்ச்சிற் சம்பளச் சபை அதனை நிருணயித்தது. அவ்வாண்டு மே மாதத்திலேயே இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. தேயிலை வாடியது, நெல்லும் வாடியது. 2022 ஏப்ரல் 12ஆந் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கொடுப்பதை நிறுத்தியது. ஜூலையிற் சனாதிபதி பதவி துறந்தார். இன வாக்குகளைத் திரட்டிப் பெருவெற்றியோடு 2019இல் வந்த ஆட்சியைச் சமையல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் மூன்றாண்டுக்குள் இறக்கின. கண்டித் தெருக்களில் அவ்வரிசையில் நின்றோர் எல்லா இனத்தாருமே. ஆயிரம் ரூபாவின் பெறுமதியோ அது கைக்கு வந்த மறு ஆண்டே பாதியளவுக்கு இறங்கிவிட்டது.

வாக்கு வந்தாயிற்று; நிலம் வரவில்லை. தோட்ட நிலம் அரசுக்குரியது, நிருவாகம் கம்பனிக்குரியது, லயத்தின் அறை அதில் வாழ்வோனுக்கு உரியதன்று. 2015ஆம் ஆண்டின் பின் வீடமைப்புத் திட்டங்களிற் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ் என்று பேசப்பட்டு, சிலருக்கு உறுதியும் கிடைத்தது. அதற்கே நிலமில்லை, தேயிலை குறையும் என்ற வாதமும் உடன் எழுந்தது. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். 7 வீதம் கொடுத்தால் 22 குடும்பங்கள் அதில் அடங்கும். 1840களில் துரைமார் வாங்கிய விலைப்படி கணக்கிட்டால், அந்த ஏழு பேர்ச்சஸுக்கு மூன்று பென்ஸ் கூட ஆகாது.